லோக்கல் ஆட்கள் அணுக வேண்டாம்

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஆள் எடுக்கும் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, வெளியே ஒரு பேனர். கார் வயரிங், கண்ணாடி, டயர் என்று எந்தக் கம்பெனிக்கு ஆள் வேண்டுமோ அதை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். சாப்பாடு, தங்குமிடம், பஸ் வசதி உண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். கடைசி வரி மட்டும் சிவப்பு. லோக்கல் ஆட்கள் அணுக வேண்டாம்.

முதல் தடவை படித்தபோது எனக்கு அது புரியவே இல்லை. லோக்கல் என்றால் எங்கள் பேச்சில் மட்டமான சரக்கு. லோக்கல் செருப்பு, லோக்கல் ஸ்பேர் பார்ட்ஸ் என்போம். மட்டமான ஆட்கள் வர வேண்டாம் என்கிறார்கள் போல, நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த மட்டமான சரக்கு நான்தான் என்று தெரிய கொஞ்ச காலம் ஆயிற்று.

எங்கள் ஊர் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நிலம் கேட்டார்கள், கொடுத்தோம். அதற்காக ஒப்பாரி வைக்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஏரி நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் கூலி வேலை. சேற்றில் குனிந்து நிமிர்ந்தவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும். என் மகள் அந்தச் சேற்றில் கால் வைக்க வேண்டாம், கம்பெனிக்குள் ஏ.சி.யில் நிற்கட்டும் என்று ஆசைப்பட்டவன் நான். கூட்டம் போட்டுப் பேசியவர்களும் வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை என்றுதான் சொன்னார்கள். வேலை வராமல் இல்லை. ஆண்களுக்கு கேட்டில் செக்யூரிட்டி வேலை வந்தது. பெண்களுக்குத் துடைப்பமும் பினாயிலும் வந்தன. ஹெவி லைசென்ஸ் வைத்திருந்த எனக்கு ஒரு டிராவல்ஸ்காரர் பஸ்ஸைக் கொடுத்தார். ஷிப்டுக்குப் போகிற பெண்களை ஹாஸ்டலில் ஏற்றி கம்பெனியில் இறக்க வேண்டும், இறங்குகிற ஷிப்டை ஏற்றி ஹாஸ்டலில் விட வேண்டும். உள்ளே லைனில் நின்று வேலை செய்ய மட்டும் எங்கள் ஊர் ஆள் ஒருத்தரையும் எடுக்கவில்லை.

இன்னொரு வேலையும் வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் என் மச்சானுக்குக் கோபம் வரும். மெயின் ரோட்டில் கிராமத்து ஸ்டைல் என்று ஒரு ஓட்டல் திறந்தார்கள். சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து கார் கட்டிக்கொண்டு கோயில்களைப் பார்க்க வருகிறவர்கள் அங்கேதான் சாப்பிடுவார்கள். வாசலில் மாடு இல்லாத மாட்டு வண்டி ஒன்று நிற்கும், குழந்தைகள் ஏறி போட்டோ எடுத்துக்கொள்ளலாம். என் மனைவியின் தம்பிக்குத் தலைப்பாகை கட்டி, மீசையை முறுக்கச் சொல்லி, வருகிறவர்களுக்குக் கும்பிடு போட நிறுத்தியிருக்கிறார்கள். அவன் சொந்தமாக வேட்டி கட்டி யாரும் பார்த்ததில்லை, பத்தாவது முடித்ததிலிருந்து ஜீன்ஸ்தான். எங்கள் ஊரில் லோக்கல் ஆளுக்குக் கிடைத்த ஒரே கௌரவமான உத்தியோகம், கிராமத்தான் மாதிரி நிற்பது. அவனிடம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவனும் சிரித்தான்.

என் மகள் டிப்ளமோ படித்தவள். ஒரே பிள்ளை. என் மனைவியின் அக்காளைத் தெற்கே சங்கரன்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது, அவர்களுக்குக் குழந்தை இல்லை. பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்கிறது, எங்களோடு இருக்கட்டும் என்று கேட்டார்கள். அனுப்பினோம். படிப்பை முடித்துவிட்டு வந்தவள், நான் தினமும் பஸ்ஸை நிறுத்துகிற அதே வயரிங் கம்பெனி கேட்டில் சர்டிபிகேட்டோடு போய் நின்றாள். மார்க் எல்லாம் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார்களாம். சொன்னாள். கேட்டவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, அதோ தெரிகிறதே தண்ணீர் டாங்கி, அந்த ஊரா என்று கேட்டு, ஃபைலை அவள் பக்கமாகத் தள்ளிவிட்டாராம்.

ஏன் இப்படி என்று எனக்கு விளக்கிச் சொன்னவர் அந்தக் கம்பெனி ஆபீசர் ஒருவர்தான். கார் ரிப்பேராகி ஒருநாள் என் பஸ்ஸில் முன் சீட்டில் வந்தார். நல்ல மனிதர், நான் யார் எந்த ஊர் என்றெல்லாம் யோசிக்காமல் பேசிக்கொண்டே வந்தார். லோக்கல் ஆள் என்றால் சாவு, காது குத்தல், கூழ் ஊற்றுதல் என்று லீவு போடுவானாம். ஒருத்தனைத் திட்டினால் சாயந்திரம் கேட்டில் பத்து பேர் வந்து நிற்பார்களாம். தூரத்துப் பிள்ளைகள் என்றால் ஹாஸ்டலில் கதவைத் தட்டி ஓவர்டைமுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், போவதற்கு வீடு பக்கத்தில் இல்லை பாருங்கள் என்றார். நான் ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்வது, ஸ்டீயரிங் என் கையில் இருந்தது, சம்பளம் அவர்கள் கையில் இருந்தது.

யோசனை என் மகளுடையது. படித்த காலத்தில் ஸ்காலர்ஷிப்புக்காக ஆதாரில் பெரியம்மா வீட்டு அட்ரஸைப் போட்டிருந்தாள், அது மாறவே இல்லை. அப்பா பெயர் என்று என் பெயர் இருக்கிறதே என்று நான் பயந்தேன். என் பெயரில் இந்த ஜில்லாவில் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று சிரித்தாள். ஏஜெண்டுகள் பஸ் வைத்துக்கொண்டு தென்காசி, திருநெல்வேலி என்று ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வருகிறார்கள். இவள் இங்கிருந்து ரயிலேறி சங்கரன்கோவில் போய், அங்கே அந்தப் பஸ்ஸில் ஏறி, மறுபடி இங்கேயே வந்து இறங்கினால் தீர்ந்தது. வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற வேலைக்கு என் பிள்ளை தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் வேலை கிடைத்தால் பிள்ளை ஊரோடு இருப்பாள், நாளைக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொடுக்கலாம். அது ஒன்றுக்காகத்தான் தலையாட்டினேன்.

கஷ்டம் பேச்சில்தான் இருந்தது. பெரியம்மா வீட்டில் இருந்ததால் அந்தப் பக்கத்துப் பேச்சு அவளுக்கு ஓரளவு வரும். ஆனால் இங்கே வந்து சேர்ந்ததும் எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது. புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வாரம் போல ஒத்திகை நடந்தது. இன்னா கூடாது, என்ன. வூடு கூடாது, வீடு. வந்துகினு கீறேன் கூடாது, வந்துக்கிட்டிருக்கேன். அவள் அம்மா கரண்டியோடு உட்கார்ந்துகொண்டு தப்பு வந்தால் முழங்கையில் ஒரு தட்டு தட்டுவாள். ஆனால் தட்டும்போதே "இன்னாடி நீ, எத்தினி தபா சொல்றது" என்று அவளே கெடுத்துவிடுவாள். நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

நைனா என்ற வார்த்தையைத்தான் அவளால் விட முடியவில்லை. பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். தெற்கே அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அந்த ஒரு வார்த்தை வாயிலிருந்து விழுந்தால் குட்டு உடைந்துவிடும். அப்பா, அப்பா என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தபடி வீட்டுக்குள் நடப்பாள். அடுத்த நிமிஷம் என்னைப் பார்த்ததும் நைனா என்பாள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆள் பிடித்தது ஏஜெண்டு என்பதால், அன்றைக்கு ஃபைலைத் தள்ளிவிட்டவர் கண்ணில் அவள் படவே இல்லை. கம்பெனி பிடித்திருந்த ஹாஸ்டல் எங்கள் ஊரின் ஒரே கல்யாண மண்டபம். கல்யாணத்தை நம்பினால் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும், ஹாஸ்டல் என்றால் மாதா மாதம் வாடகை என்று மண்டபத்துக்காரர் கொடுத்துவிட்டார். எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணம் ஆனது அங்கேதான். மணமேடை இருந்த இடத்தில் இரும்புக் கட்டில்களை அடுக்கிப் போட்டிருந்தார்கள், என் மகளுக்குக் கிடைத்த கட்டில் அந்த மேடை மேல்தான். இதை அவள் போனில் சொன்னபோது என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் காலை ஷிப்டு. மண்டப வாசலில் பஸ்ஸை நிறுத்தினேன். நீலக் கோட்டு போட்ட பெண்கள் வரிசையாக ஏறினார்கள். அவளும் ஏறினாள். என் முகத்தைப் பார்க்காமல் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். சாயந்திரம் திரும்பி வரும்போது கூட வந்த பெண்கள் கடையில் ஏதோ வாங்க வேண்டும் என்றார்கள் போலிருக்கிறது. இவள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, அந்த மெடிக்கல் பக்கம் கொஞ்சம் நிப்பாட்டுதியளா?"

நிறுத்தினேன். என் பிள்ளை என்னை அண்ணே என்கிறாள். சாமர்த்தியக்காரி என்று அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதே மாதிரி பேசிக் காட்டினேன்.

ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். தெருவில் இப்போது எங்கள் முகங்களைவிட வாடகைக்கு வந்த முகங்கள்தான் அதிகம். ஆளுக்கொரு மாடி கட்டி அறை அறையாகத் தடுத்துப் பையன்களுக்கு விட்டிருக்கிறார்கள். மளிகைக் கடைக்காரரே பையன்களுக்காக "வாங்க தம்பி, என்ன வேணும்" என்று பேசக் கற்றுக்கொண்டார். அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பாவம், அவர்களும் ஊரில் ஒன்றும் இல்லாமல்தான் இங்கே வந்து, ஒரு அறையில் எட்டு பேராக ஷிப்டு மாற்றி ஷிப்டு படுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் மகள் போனால் வந்தால் எங்கள் ஆட்கள் தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லாருக்கும் இது ஒரு விளையாட்டாக இருந்தது. கம்பெனியை ஏமாற்றுகிறோம் என்று ஊரே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

ஹாஸ்டல் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மட்டும்தான் வெளியே வர அனுமதி. என் மனைவி ஒரு கூடையில் வேர்க்கடலையை அவித்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு எதிரில் போய் உட்கார ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் அவள் எதையும் விற்றதில்லை. மகள் தோழிகளோடு வருவாள், கடலையை ஒன்று உரித்துப் பார்ப்பாள், ரொம்ப விலை சொல்லுதியே என்று சண்டை போடுவாள். என் மனைவியும் விட மாட்டாள். பேரம் பேசிக்கொண்டே மகளின் கையைப் பார்த்துவிடுவாள், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். வீட்டுக்கு வந்து, விரலெல்லாம் வெட்டு வெட்டாகக் கீது என்று என்னிடம் சொல்லிப் புலம்புவாள். வயர் இழுக்கிற வேலையில் விரல் அறுபடும், தோல் தடித்தால் சரியாகிவிடும் என்று நான் சமாதானம் சொல்வேன்.

ஹாஸ்டலில் மகளுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். திருநெல்வேலிக்காரி. ஏட்டி, வாட்டி, அவிய, இவிய என்று வாய் ஓயாமல் பேசுகிறவள். என் மகள் தன் பேச்சில் சந்தேகம் வந்தால் அவள் வாயைத்தான் பார்ப்பாளாம். அவளைப் போலவே இழுத்துப் பேசிப் பேசிப் பழகினாள். ஒரு மழை நாள் சாயந்திரம் பாத்ரூமுக்குள் சாரைப்பாம்பு ஒன்று வந்துவிட்டது. மண்டபத்துக்குப் பின்னால் ஏரியைத் தூர்த்துப் பிளாட் போட்டிருக்கிறார்கள், அது பாவம் எங்கே போகும். பெண்கள் எல்லாரும் அலறினார்கள். அந்த அலறலில் என் மகளையும் மீறி அவள் வாயிலிருந்து வந்தது, "ஐயோ, இன்னாடி அது!" அதே நொடியில் பக்கத்தில் அதே வார்த்தை, அதே மாதிரி. திரும்பிப் பார்த்தால் அந்தத் திருநெல்வேலிக்காரி.

அவள் எங்களுக்குப் பக்கத்து மணிமங்கலத்துப் பெண். ஒரு சொந்தக்காரர் அட்ரஸில் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பேச்சு முழுவதும் டி.வி. பார்த்துக் கற்றுக்கொண்டது. என் மகள் அத்தனை நாளும் மணிமங்கலத்துக்காரியிடம் திருநெல்வேலிப் பேச்சைப் படித்திருக்கிறாள். இரண்டு பேரும் பாம்பை மறந்து சிரித்தார்களாம். போனில் இதைச் சொல்லும்போதும் சிரித்தாள். லைனில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்களோ, பெரிய சூப்பர்வைசரே இந்தப் பக்கத்துப் படப்பைக்காரராக இருந்தாலும் இருப்பார் என்றாள்.

அந்தப் பெண்தான் மாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போயிருக்கிறார்கள். அவள் மாமன் முறை ஒருத்தர் எதிரில் வந்து, பல நாள் கழித்துப் பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில், "இன்னா பாப்பா, இங்க கீற, வூட்டுக்கு வர்றதில்லியா" என்று கேட்டுவிட்டார். அவர் மேல் என்ன தப்பு? சொந்த ஊருக்குப் பக்கத்தில் சொந்தப் பிள்ளையைக் கண்டால் வேறு என்ன கேட்பார்கள்? மறுநாள் அந்தப் பெண்ணின் பெட்டியை மண்டப வாசலில் வைத்துவிட்டார்கள். என் பஸ்ஸில் அவள் ஏறவில்லை. ஓரமாக நின்றிருந்தாள், நான் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போகும்போதும் அங்கேயே நின்றிருந்தாள்.

அன்றோடு விளையாட்டு முடிந்தது. மகள் போன் செய்து, அம்மா இனிமேல் கடலைக் கூடையோடு வர வேண்டாம் என்றாள். என்னிடம், பஸ்ஸில் கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள், கூட இருக்கிறவர்கள் கவனிக்கிறார்கள், பார்க்காதீர்கள் என்றாள். பயிற்சிக் காலம் முடிந்ததும் சிலரை நிரந்தரம் ஆக்குவார்கள், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். பேச்சுக்குப் பேச்சு அப்பா என்றாள். பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வந்த போன்களில் பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தபோதும் அப்பாதான்.

நான் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டேன். என் பஸ்ஸிலேயே என் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், தலையைத் திருப்பிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. மற்ற பெண்களாவது வாரத்துக்கு ஒரு தடவை அப்பாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டு வருவார்கள். என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும்.

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். எங்கள் ஊர் வழக்கம், முதலில் ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வீடு பாத்திரத்தோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் வெளியூர்க்காரர்களுக்கு. அந்தக் காலத்தில் வெளியூர் என்றால் வழியோடு போகிற நாலு பேர். இப்போது ஊர் வரிசை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, வெளியூர் வரிசை மெயின் ரோடு வரைக்கும் நிற்கிறது. ஹாஸ்டல் பெண்களை வார்டன் கூட்டிக்கொண்டு வந்தாள். என் மகள் டம்ளரோடு அந்த வரிசையில், மொட்டை வெயிலில், அவள் பிறந்த வீட்டின் முறை முடிந்து வெகுநேரம் கழித்து வந்து நின்றாள். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி. வார்டன் பக்கத்தில் நின்றதால் மற்ற பெண்களிடம் கேட்ட மாதிரியே இவளிடமும், எந்த ஊரும்மா என்று கேட்டிருக்கிறாள். விளையாட்டாகக் கண்ணைச் சிமிட்டியும் இருக்கிறாள்.

மகள் சிரிக்கவில்லையாம். சங்கரன்கோவில் பக்கம் என்று சொல்லிவிட்டு, கூழை வாங்கிக்கொண்டு, முருங்கைக்கீரையை மட்டும் வேண்டாம் என்று விட்டுப் போய்விட்டாளாம். வீட்டில் கீரை என்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற பிள்ளை அவள். என் மனைவி வந்து கூழ்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "நல்லா பேசறா, நம்ம புள்ளன்னு யாருக்கும் தெரியாது" என்றாள்.

பயிற்சிக் காலம் முடிந்தது. யாரையும் நிரந்தரம் ஆக்கவில்லை. மொத்தப் பேட்ச்சையும் அனுப்பிவிட்டுப் புதுப் பேட்ச் எடுக்கப் போகிறார்கள் என்று டிராவல்ஸ்காரர்தான் சொன்னார். வேலை போன பெண்கள் இங்கேயே சுற்றினால் வேறு தலைவலி வரும் என்று கம்பெனியே பஸ் வைத்து அவரவர் ஊரில் கொண்டுபோய் விட்டுவிடுமாம். பெருந்தன்மைதான். என்னைப் போகச் சொன்னார். திரும்பும்போது காலியாக வர வேண்டாம், ஏஜெண்டு கூட வருவார், கோவில்பட்டியில் புதுப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடு என்றார்.

என் பிள்ளையை அவள் சொந்த ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் அவள் சொந்த ஊரில் இறக்கிவிட வேண்டும். வேறு டிரைவரைப் போடச் சொல்லியிருக்கலாம். வேறு எவன் பஸ்ஸிலோ போவதற்கு என் பஸ்ஸிலேயே போகட்டும் என்று தோன்றியது. விடியற்காலையில் கிளம்பினோம். எங்கள் தெரு முனையைத் தாண்டும்போது என் மனைவி வாசலில் நின்றிருந்தாள். மூன்றாவது ஜன்னலில் மகள் இருந்தாள். ஹாரன் அடிக்கக்கூட முடியவில்லை, ஏஜெண்டு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, விழுப்புரம், திருச்சி தாண்டும்வரை பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். மதுரையில் பாதிப் பேர் இறங்கினார்கள். ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், என் மகளும் அழுதாள். அப்புறம் விருதுநகர், சாத்தூர் என்று இறங்கி இறங்கி பஸ் காலியாகிக்கொண்டே வந்தது. சாயந்திரம் கோவில்பட்டியில் ஏஜெண்டும் இறங்கிக்கொண்டார். காலையில் வந்துவிடு, புதுப் பேட்ச் இங்கேதான் நிற்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ்ஸில் அவள் ஒருத்திதான் மீதி.

கழுகுமலை ரோட்டில் திரும்பியதும் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்தாள். இத்தனை மாதத்தில் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மெலிந்திருந்தாள். நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பெரியம்மா வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு ரயிலேறி வந்துவிடு, நான் தாம்பரத்துக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன் என்றேன். வேலை கிடக்கட்டும், கொஞ்ச நாள் அம்மாவோடு சும்மா இரு என்றேன்.

"வந்து?" என்றாள்.

நான் கியரை மாற்றினேன். அவளே பேசினாள். "ஓசூர்ல ஆள் எடுக்காவப்பா. தென்காசி அட்ரஸ்னா உடனே எடுத்துக்கிடுதாவளாம். கூட இருந்த பிள்ளேள் நாலஞ்சு பேரு சேர்ந்து போறோம். ஊருக்கு வந்தேன்னா மறுபடியும் லோக்கலாயிருவேன். அப்புறம் என்னைய யாரு எடுப்பா?"

வீட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். உன் மாமாவிடம் சொல்லி அந்தக் கிராமத்து ஸ்டைல் ஓட்டலில் கணக்கு எழுதும் வேலை கேட்கலாம் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது. தாவணி கட்டச் சொல்லி, தலையில் பூ வைத்து, வாசலில் நிற்கச் சொல்லுவார்கள் என்று அவளுக்கும் தெரியும். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அவளிடம் கோபமே இல்லை. எல்லாவற்றையும் யோசித்து முடித்துவிட்ட ஆள் மாதிரி இருந்தாள்.

பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன். இங்கே யாரும் இல்லை, ஒரு தடவை நைனா என்று கூப்பிடு என்று கேட்டேன். வாய்விட்டுக் கேட்டேன், வெட்கப்படவில்லை.

என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூச்சமா இருக்குப்பா," என்றாள்.

புது ஆளை உறவு சொல்லிக் கூப்பிடச் சொன்னால் சின்னப் பிள்ளைகள் நெளியும் பாருங்கள், அப்படி நெளிந்தாள். நான் வண்டியை எடுத்தேன். இருட்டுகிறதற்குள் பெரியம்மா வீட்டு வாசலில் அவளையும் பெட்டியையும் இறக்கினேன். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பார்த்ததுமே அவளை அடையாளம் கண்டு, வந்துட்டியாட்டி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் அவளை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் அப்படி வாய் நிறையச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

காலையில் கோவில்பட்டியில் புதுப் பேட்ச்சை ஏற்றினேன். வரும் வழியெல்லாம் அந்தப் பெண்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். தண்ணீர் நல்லா இருக்குமாண்ணே, ஹாஸ்டலில் பாம்பு எதுவும் வராதே, ஊர்க்காரங்க எப்படி என்று. நல்லா இருக்கும், வராது, நல்லவங்க என்று சொன்னேன்.

பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். பஸ் தெரு முனையைத் தாண்டும்போதே ஒவ்வொரு ஜன்னலாக என் மனைவி பார்த்திருக்கிறாள். நீலக் கலரில் துணி தெரிந்த இடத்தில் எல்லாம் எட்டிப் பார்த்தேன் என்றாள். எனக்குச் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில்தான் கேட்டாள், புள்ள எங்க, அடுத்த ரயில்ல வர்றாளா என்று.

"வூட்ல வுட்டுட்டு வந்தேன்," என்றேன்.

அவள் கையில் குழம்புக் கரண்டி இருந்தது.

"எந்த வூட்ல?" என்று கேட்டாள்.